தொழிலாளி ராஜ்யத்தில் வேலைநிறுத்தம்



தொழிலாளி ராஜ்யம் வந்துவிட்டால் வேலைநிறுத்தம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். முதலாளி இல்லை, ஆலை பொதுச்சொத்து, பிறகு யாரை எதிர்ப்பது என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலைப் புஸ்தகத்தில் தேடாமல் நடந்த காரியத்தில் தேடுவோம்.

போலந்து தேசத்தைக் கம்யூனிஸ்டுக் கட்சியார் ஆண்ட காலம். 1970 டிசம்பர் 12-ந் தேதி சனிக்கிழமை, மாமிசம், மாவு முதலிய ஆகாரச் சாமான்களின் விலை உயர்த்தப்பட்டதாக அறிவித்தார்கள். டெலிவிஷன் முதலியவற்றின் விலையைக் குறைத்ததாகவும் பெருமை சொன்னார்கள். கூலிக்காரன் தினந்தோறும் வாங்குவது டெலிவிஷனையா, மாவையா? கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரங்கூட இல்லை. விளைச்சல் குறைந்தது மெய்தான். அந்தக் கஷ்டத்தை முன்கூட்டிச் சொல்லி ஜனங்களிடம் யோசனை கேட்டார்களா? இல்லை.

திங்கட்கிழமை க்டான்ஸ்க் நகரில், லெனின் பெயர் தாங்கிய கப்பல் கட்டும் ஆலையில் வேலை நின்றது. "வேலைக்குத் திரும்புங்கள்" என்று 16-ந் தேதி இரவு உதவிப் பிரதம மந்திரி கேட்டுக்கொண்டார். அப்படியே மறுநாள் காலை க்டினியாவில் ரயிலைவிட்டிறங்கி வேலைக்குப் போனவர்களைப் பட்டாளம் சுட்டது. அந்த வாரத்தில் கடற்கரைப் பட்டணங்களில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 20-ந் தேதி கட்சித் தலைவர் கோமுல்கா போய் கியெரெக் வந்தார். ஆள் மாறியது, விலை மாறவில்லை.

விலையை மாற்றியவர்கள் யார்? லோட்ஸ் நகரத்துப் பஞ்சாலைப் பெண்கள்! பகலெல்லாம் இயந்திரத்தோடு பாடுபட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவர்களுக்கல்லவா விலையின் சூடு தெரியும்? 1971 பிப்ரவரியில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிரதம மந்திரியே ஓடிவந்து பேசினார். அவர்கள் மசியவில்லை. 15-ந் தேதி விலை உயர்வு ரத்தென்று அறிவிக்கப்பட்டது.

இதைக் கேட்டு முதலாளிமார்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. பசித்தவன் கேட்டால் குண்டு போடுவது அவர்களும் அறிந்த வித்தைதான். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: தொழிலாளி பேரால் ஆளுகிறவர்களிடம், என் சோற்றுக்கு ஏன் இந்த விலை என்று தொழிலாளி கேட்கக்கூடாதென்றால், முதலாளி ஒழிந்தானா, அவன் நாற்காலி கைமாறிற்றா?

அங்கே தொழிற்சங்கங்களும் கட்சியின் கைக்குள்ளேயே இருந்தன. ஆகவேதான் 1980-ல் மாமிச விலை மறுபடி ஏறி வேலைநிறுத்தம் பரவியபோது, க்டான்ஸ்க் தொழிலாளர் வைத்த 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சிக்கு அடங்காத சுதந்திரச் சங்கம் வேண்டுமென்பது. விலையைக் குறை என்பது இன்றைய சோற்றுக்கு. கேட்கும் உரிமையைக் கொடு என்பது என்றைக்குமான சோற்றுக்கு.

தோழர்களே! ஆட்சியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். உங்களைக் கேள்வி கேட்க விடுகிறதா என்று பாருங்கள்.