மடிக்கணினி கொதித்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள்



மடிக்கணினியில் படம் பார்க்கும்போது காட்சி திக்கித் திணறுகிறது. குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறி இரைகிறது. அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடுகிறது. இன்று பல வீடுகளில் காணப்படும் குறை இது. இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் தீர்ப்புகள் மூன்று. இணையம் மெதுவாக இருக்கிறது என்று சிலர் விலை கூடிய சேவைக்கு மாறுகிறார்கள். நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று சிலர் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்கிறார்கள். பழசாகிவிட்டது என்று சிலர் புதியதை வாங்கிவிடுகிறார்கள். முதலாவதில் மாதந்தோறும் பணம் போகிறது. இரண்டாவதில், நகல் எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாட வேலைகளும் போகின்றன. மூன்றாவதில் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போகிறது. உண்மையான காரணமோ பல வேளைகளில் உள்ளே அடைந்து கிடக்கும் தூசு மட்டுமே.

நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, பள்ளிப் பாடங்கள் வீட்டுக்கு வந்தன. இயங்கலை வகுப்புக்காக அக்காலத்தில் அவசரமாக வாங்கிய மடிக்கணினிகள் இப்போது ஐந்து வயதைத் தாண்டிவிட்டன. உட்புறத்தைத் திறந்து ஒருமுறைகூடச் சுத்தம் செய்யாதவை அவற்றுள் எத்தனையோ. ஆகவே, இந்தக் குறையின் காரணத்தை அறிந்துகொள்வது இப்போது மிகவும் அவசியமாகிறது.

சூடானால் ஏன் தடுமாறுகிறது?

அசையும் படம் என்பது தனித்தனிப் படங்களின் வரிசை. வினாடிக்கு 30 படங்கள் என்றால், ஒவ்வொன்றையும் தயார் செய்து திரையில் காட்டக் கணினிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 33 மில்லிவினாடி. வினாடிக்கு 60 என்றால் அதில் பாதிதான். அந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. அதைத்தான் நம் கண் தடுமாற்றமாகக் காண்கிறது. ஒலிக்கு மிகக் குறைந்த உழைப்பே தேவை என்பதால் அது மட்டும் தடையின்றி ஓடுகிறது.

இனி வெப்பத்துக்கு வருவோம். கணினியின் செயலி தன் வெப்பத்தைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. பல செயலிகளுக்கு உச்ச வரம்பு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ். அந்த வரம்பை நெருங்கினால், கருகிப் போகாமல் இருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, தற்காப்பு. ஆனால் வேகம் குறைந்ததும் 33 மில்லிவினாடி போதாமல் போகிறது. வெப்பம் தணியாதவரை எந்த மென்பொருளை அழித்தாலும் நிறுவினாலும் இந்தத் தடுமாற்றம் தீராது என்பதை நேயர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எப்போது திக்குகிறது என்று பாருங்கள்

முதலில் இணையத்தின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். கணினியிலேயே சேமித்து வைத்துள்ள ஒரு படத்தை, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓடவிடுங்கள். அதுவும் திக்கினால் இணையத்தின் மீது குற்றமில்லை. யூடியூப்பிலும் ஒரு வழி உண்டு. ஓடும் படத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், தவறவிட்ட படங்களின் எண்ணிக்கை தெரியும். அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் குறை கணினியில். படம் நின்று வட்டம் சுழன்றால் குறை பெரும்பாலும் இணையத்தில்.

அடுத்து, நேரத்தைக் கவனியுங்கள். கணினியைத் திறந்த உடனே, குளிர்ந்திருக்கும்போதே திக்கினால், படத்தை விரிக்கும் வேலை கணினியின் சக்திக்கு மீறியது என்று பொருள். ஐந்து, பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, விசிறி இரையத் தொடங்கிய பிறகு திக்கினால் வெப்பம் வெளியேறவில்லை என்று பொருள். சார்ஜரைக் கழற்றினால் மட்டும் திக்குகிறது என்றால், மின்சிக்கன அமைப்பு வேகத்தைக் குறைத்திருக்கலாம். மாற்றுச் சார்ஜர் வாங்கிய பிறகு தொடங்கிய குறை என்றால் அதன் வாட் அளவைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போதிய மின்சாரம் கிடைக்காவிட்டால் சில கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படத்தை விரிக்கும் வேலை

காணொளிகள் சுருக்கப்பட்ட வடிவில்தான் வருகின்றன. அவற்றை விரிக்கக் கணினியில் தனிச் சுற்று ஒன்று உண்டு. அந்தச் சுற்றுக்குத் தெரிந்த முறையில் படம் வந்தால் வேலை எளிதாக முடியும். தெரியாத முறையில் வந்தால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும், வெப்பம் ஏறும். எச்.264 என்ற முறை 2003இல் வந்தது. இன்று புழக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கணினிகளுக்கும் அது தெரியும். ஏவி1 என்ற முறை 2018இல் வந்தது. இன்டெல் செயலிகளில் அதற்கான சுற்று 2020இல் வெளிவந்த 11ஆம் தலைமுறையில்தான் இடம்பெற்றது. கணினி நேற்றுவரை நன்றாக ஓடி, இன்று சில படங்களுக்கு மட்டும் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். படம் ஓடும்போது அதில் 'ஜிபியு' பகுதியில் 'வீடியோ டிகோட்' அளவு அசையாமல், 'சிபியு' மட்டும் உச்சத்தில் நின்றால், தனிச் சுற்று வேலை செய்யவில்லை. உலாவியின் அமைப்பில் 'கிராபிக்ஸ் ஆக்சலரேஷன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். திரை இயக்கி மென்பொருளை, கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். அதே 'டாஸ்க் மேனேஜரில்' வேறு எந்த மென்பொருள் செயலியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். புதுப்பிப்பும் நச்சுநிரல் சோதனையும் பின்னணியில் நடந்தால் அவை முடியும்வரை காத்திருப்பதே போதும்.

செலவில்லாத வழி இன்னொன்று, படத்தின் தரத்தைக் குறைப்பது. 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 720பி படத்தில் 9 இலட்சத்து 21 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒன்பது மடங்கு வித்தியாசம்! விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றின் திரையே 1366க்கு 768 புள்ளிகள்தான். அந்தத் திரையில் 4கே படத்தைப் போட்டால் கண்ணுக்குக் கூடுதல் நன்மை ஏதுமில்லை, கணினிக்குத்தான் வேலை.

காற்று வேண்டும்

பல மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்னாலோ சூடாக வெளியேற்றுகின்றன. அதை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் மூச்சை அடைத்தது போலத்தான். நம் நாட்டில் பகல் வெப்பம் 32 பாகையைத் தொடுவது சாதாரணம். உள்ளே இழுக்கும் காற்றே அவ்வளவு சூடு என்றால், குளிர்சாதன அறையில் 22 பாகையில் இருப்பதைவிடச் செயலியும் ஏறக்குறைய அதே 10 பாகை கூடுதலாகச் சூடேறும். கெட்டியான மேசை மீது வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு உயர்த்தி, அதே படத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நிலைமை மாறினால் காரணம் தெரிந்துவிட்டது.

அப்படியும் மாறவில்லையென்றால் தூசைப் பார்க்க வேண்டும். செயலியின் வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டு செல்கிறது. விசிறிக்கும் அந்தத் தகடுகளுக்கும் இடையில் தூசும் முடியும் பூனை ரோமமும் சேர்ந்து கம்பளி போலப் படிந்துவிடும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று வெளியே போகாது. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தக் காற்றுக் குப்பியால் விட்டு விட்டு ஊதலாம். குப்பியை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். விசிறி தாறுமாறாகச் சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும். வீட்டில் கூட்டப் பயன்படும் தூசு உறிஞ்சியை வைக்காதீர்கள். அதனால் உண்டாகும் நிலைமின்சாரம் உட்பாகங்களைக் கெடுக்கக்கூடும்.

செயலிக்கும் செம்புக்கும் இடையில் பூசியிருக்கும் வெப்பக் களிம்பும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துபோகிறது. அதை மாற்றுவது பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை. கடைக்குப் போனால், "ஸ்லோவாக இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லாமல், "விசிறியைச் சுத்தம் செய்து, வெப்பக் களிம்பை மாற்றிக் கொடுங்கள், எதையும் அழிக்காதீர்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன் கோப்புகளை வேறோரிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் அந்நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கே கொண்டு செல்லுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோளாறு வந்த பிறகு பயனீட்டாளருக்குக் கைகொடுப்பது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

விளையாடக் கூடாத ஒன்று

இதுவரை சொன்னவை பணத்தையும் நேரத்தையும் பற்றியவை. உயிரைப் பற்றிய ஒன்றும் உண்டு. மடிக்கணினி மேசை மீது தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா? விரலால் தடவும் பலகை மேலெழும்பி இருக்கிறதா? மூடி சரியாக மூட மறுக்கிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். அழுத்தி மூடவோ, குத்திப் பார்க்கவோ வேண்டாம். இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே வேண்டாம். அந்தப் பேட்டரி தீப்பற்றக்கூடியது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள்.

நேயர்களே, எல்லாக் கணினியையும் காப்பாற்றிவிட முடியாது. சுத்தம் செய்து, களிம்பு மாற்றி, தரத்தைக் குறைத்த பின்னும் திணறினால் புதியதைப் பற்றி யோசிக்கலாம். அது நியாயமான செலவு. ஆனால் இடத்தை மாற்றிப் பார்ப்பது, இணையத்தைத் துண்டித்துச் சோதிப்பது, தரத்தைக் குறைப்பது, தூசு தட்டுவது என்ற வரிசையில் முதல் மூன்றுக்கும் ஒரு காசும் வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். அந்த மாலையைச் செலவிடாமல் பணப்பையைத் திறக்காதீர்கள்.