வென்ற பரிசும் தந்த பரிசும்



கனடா நாட்டினர் பெரிதும் போற்றும் விளையாட்டு, பனிக்கட்டித் தரையில் சறுக்கியவாறு ஆடும் ஹாக்கி. அந்நாட்டின் மான்ட்ரியால் நகரத்துக் கனேடியன்ஸ் என்னும் தொழில்முறைக் குழு, 1916 முதல் 1993 வரை 24 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1956 முதல் 1960 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது வென்றது. ஆயினும் அக்குழு வென்ற பரிசுகளினும், அது தந்த ஒரு பரிசே என் உள்ளத்தைக் கவர்ந்தது.

ஜார்ஜ் வெசினா அக்குழுவின் கோல் காப்பாளர். பதினைந்து ஆண்டுகள் ஓர் ஆட்டத்திற்கேனும் வாராதிருந்ததில்லை. 1925 நவம்பர் 28 அன்று காய்ச்சலோடு ஆட வந்தவர், இடையிலேயே விலக நேர்ந்தது. காசநோய் அவரைப் பற்றியிருந்தது. அடுத்த மார்ச்சு மாதம் மறைந்தார். குழுவின் உரிமையாளர்கள் அவர் பெயரால் ஒரு விருதை நிறுவினர். மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்த குழுவின் காப்பாளர்க்கே அஃது உரியது என்பது அந்நாளைய விதி. எதிர்க்குழுவினரும் அதனைப் பெறலாம். 1927இல் அதனை முதன்முதல் பெற்றவர், வெசினாவின் இடத்திற்கு வந்த ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரே பெற்றார்.

பள்ளியில் பல பரிசளிப்பு விழாக்களை நடத்தியவன் நான். பரிசு பெற்றவன் பெயரை அனைவரும் அறிவர். அது யார் பெயரால் அமைந்தது என வினவினால் விழிப்பர். இனி நீங்கள் பரிசு பெறும்போது, அந்தப் பெயரையும் கேட்டறியுங்கள்.