இதயத்துக்குத் துணை நிற்கும் கருவி



நின்றுகொண்டிருக்கும்போதே கண் இருட்டிக் கீழே விழுவது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, நாள் முழுவதும் ஓயாத சோர்வு. இவற்றை நம் தோட்டப்புறங்களில் பித்தம் என்போம், இரத்தக் குறைவு என்போம், சில வேளைகளில் காற்றுக் கருப்பு என்றும் சொல்லிவிடுவோம். இதயத் துடிப்பு மிகவும் குறைந்துபோனாலும் இவ்வாறு நேரும். அத்தகையோருக்கு மருத்துவர்கள் பொருத்தும் கருவியே பேஸ்மேக்கர் எனப்படும் இதய முடுக்கி. அதைப் பொருத்திக்கொண்டு வீடு திரும்புகிறவரும் அவர் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இன்று பார்ப்போம்.

பிரட்டுக்களத்தில் கங்காணி குரல் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். நம் இதயத்திலும் மேல் பகுதியில் அப்படி ஒரு கங்காணி உண்டு. அங்கிருந்து பிறக்கும் மிகச் சிறிய மின்துடிப்பு கீழ் அறைகளுக்குச் சென்று, நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை, நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை இதயத்தைச் சுருங்க வைக்கிறது. அந்தக் குரல் தளர்ந்துவிட்டாலும், கீழே போய்ச் சேராமல் வழியில் நின்றுவிட்டாலும் துடிப்பு குறைந்துவிடும். முடுக்கி அதைக் கவனித்து, தேவைப்படும்போது மட்டும் தானே குரல் கொடுக்கும். தீப்பெட்டி அளவுள்ள அந்தப் பெட்டியைக் கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்து, மெல்லிய கம்பியை இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்துவார்கள்.

உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் முடுக்கி, 1958ஆம் ஆண்டு அக்டோபரில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தப்பட்டது. காலணி மெழுகு டப்பாவை அச்சாக வைத்து அதை வார்த்தார்கள். சில மணி நேரமே அது வேலை செய்தது. ஆனால் லார்சன் அடுத்தடுத்துக் கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001இல் தமது 86ஆம் வயதில்தான் காலமானார். கருவி பழுதாகலாம், மாற்றிக்கொள்ளலாம், மனிதர் வாழலாம். இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

பொருத்திய முதல் சில வாரங்கள் முக்கியமானவை. கம்பி இதயச் சதையில் நன்றாகப் பற்றிக்கொள்ளும் வரை, அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது, பளுவும் தூக்கக்கூடாது. எத்தனை வாரம் என்பதை மருத்துவர் சொல்வார். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். மெல்ல அசைத்துவர வேண்டும். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் பூசாதீர்கள். காயம் சிவந்து வீங்கினாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், பெட்டி தோலைத் துருத்திக்கொண்டு தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பலாமா? பலர் திரும்பலாம். ஆனால் என்ன வேலை என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். “தோட்ட வேலை” என்று மட்டும் சொன்னால் போதாது. மரம் சீவுகிறவர் எந்தக் கையால் சீவுகிறார், எந்தத் தோளில் காண்டா சுமக்கிறார், செம்பனைக் குலை வெட்ட நீண்ட கம்பு பிடிக்கிறாரா என்பதையெல்லாம் சொல்லுங்கள். பெட்டி இருக்கும் தோளில் காண்டாக் கம்பு அழுந்தக்கூடாது அல்லவா? புல் வெட்டும் இயந்திரமும் மரம் அறுக்கும் இயந்திரமும் ஓடும்போது, அவற்றின் எஞ்சின் நெஞ்சிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். மின்சாரப் பற்றவைப்பு வேலையை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

வீட்டில் வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் எதற்கும் அஞ்ச வேண்டாம். கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்காமல், மறுபக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் நெஞ்சு படச் சாயாதீர்கள். உடல் தேறியபின் மருத்துவர் அனுமதித்தால் பத்துமலையின் 272 படிகளையும் ஏறலாம். அலகு குத்திக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் மட்டும் அவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். தோலைத் துளைக்கும் இடத்தில் நுழையும் கிருமி, இரத்தத்தில் கலந்து கம்பியில் போய்த் தங்கிவிடக்கூடும்.

இனி, பலர் தவறவிடும் செய்திக்கு வருவோம். முடுக்கியின் பேட்டரி பல ஆண்டுகள் உழைக்கும். பெரும்பாலும் பத்தாண்டையொட்டி வரும். அது தீர்ந்துவருவதைப் பல மாதங்களுக்கு முன்பே பரிசோதனையில் கண்டுவிடலாம். அப்போது பெட்டியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். ஆனால், “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டால் யார் கண்டு சொல்வார்?

சுங்கை பூலோ வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகிறோம். தொலைபேசி எண்ணும் மாறுகிறது. மருத்துவமனையிடம் இருப்பதோ பழைய முகவரி! வீடு மாறினால் பள்ளிக்கும் வங்கிக்கும் தெரிவிப்பதுபோல் மருத்துவமனைக்கும் தெரிவியுங்கள். 1992இல் தொடங்கப்பட்ட தேசிய இருதயக் கழகம் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு அருகில்தான் இருக்கிறது. 2023 முதல் சுங்கை பூலோவிலிருந்து அந்த மருத்துவமனை நிலையத்துக்கு ரயில் மாறாமலே போய்வரலாம்.

கருவியின் விவரம் எழுதிய அட்டையை ஐ.சி.யோடு சேர்த்து எப்போதும் வைத்திருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், ஸ்கேன் எடுக்கப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். வீட்டில் ஒருவர் நாடி பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த எண்ணைவிடக் குறைந்திருந்தால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மீண்டும் மயக்கம் வந்தால் காத்திராமல் 999ஐ அழையுங்கள்.

கடைசியாக, பேசத் தயங்கும் ஒன்று. முடுக்கி இருந்தால் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. காலம் முடிந்தபின் இதயச் சதை கருவியின் குரலுக்குச் செவிசாய்க்காது. ஆனால் உடலைத் தகனம் செய்வதற்கு முன் பெட்டியைக் கட்டாயம் அகற்ற வேண்டும். நெருப்பில் அதன் பேட்டரி வெடித்துவிடும். அதை மருத்துவமனையில் செய்துகொடுக்கச் சொல்லுங்கள். ஈமச்சடங்கு ஏற்பாடு செய்பவரிடமும் மறவாமல் தெரிவியுங்கள். துக்க வீட்டில் இது நினைவுக்கு வராமல் போகலாம். ஆகவே குடும்பத்தில் இருவராவது இன்றே தெரிந்துவைத்திருக்கட்டும்.

கருவியைப் பொருத்துவது மருத்துவர் வேலை. அட்டை, நாடி, பரிசோதனை நாள் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வது நம் வீட்டு வேலை. அதை நாம் ஒழுங்காகச் செய்தால், அந்தச் சிறு பெட்டியும் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவரும்.