டிராக்டர் இன்ஜின் தேய்மானம்: காரணத்தை முதலில் மாற்றுங்கள்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



டிராக்டர் வைத்திருப்போர் பலரும் ஒரு குறை சொல்வதுண்டு. "ரிங், லைனர் எல்லாம் புதிதாக மாற்றினேன், இரண்டு பருவம் கூடத் தாங்கவில்லை, மறுபடியும் புகைகிறது" என்பார்கள். பழைய ரிங்கைத் தேய்த்தது எதுவோ, அதை விட்டுவைத்தால் புதிய ரிங்கையும் அதுவே தேய்த்துவிடும். பெரும்பாலும் அது நம் வயல் புழுதிதான்.

ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கும் டிராக்டர், புழுதி உழவில் மணிக்கு 40,000 லிட்டருக்கு மேல் தூசிக் காற்றை இழுக்கிறது. அதிலுள்ள நுண்மணல் உள்ளே போனால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல லைனரையும் ரிங்கையும் அராவிவிடும்.

ஆகவே முதல் கவனம் ஏர் கிளீனருக்கு. ஆயில் ஊற்றும் வகையானால், புழுதி உழவுக் காலத்தில் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். சேறு படிந்திருந்தால் டீசலில் கழுவித் துடைத்து, குறியளவுக்குப் புதிய ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றக் கூடாது. காகித வகையானால் ஓங்கித் தட்டுவது கூடாது. கிழிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாயையும் அதன் கிளிப்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். அதில் சிறு வெடிப்பு இருந்தாலும் தூசி நேரே உள்ளே போய்விடும். மலிவான அந்தக் குழாயை மாற்றாததால் முழு இன்ஜினையும் பிரிக்க நேரிடுகிறது.

அடுத்தது இன்ஜின் ஆயில். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன், சமதளத்தில் நிறுத்தி அளவுக்குச்சியைப் பாருங்கள். ஆயில் இரு குறிகளுக்கும் இடையில் இருக்க வேண்டும். கறுத்திருப்பது இயல்பே. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் மாற்றும் கெடு பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரம் ஆகும்; உங்கள் வண்டியின் கையேட்டில் கண்டபடி செய்யுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

டீசல் டேங்கை மாலையில் நிரப்பி வையுங்கள். காலி டேங்கில் இரவு ஈரம் நீராகக் கோத்துக்கொள்ளும். அந்த நீர் பம்பையும் நாசிலையும் அரிக்கும். டீசல் ஃபில்டரை மாற்றியபின் காற்றை வெளியேற்ற மறவாதீர்கள். ரேடியேட்டர் கண்களில் அடைத்த உமியையும் தூசியையும் அகற்றுங்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் இறுக்குங்கள், வெடித்தால் மாற்றுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

புகையின் நிறமும் நோயைச் சொல்லும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியில்லை, அல்லது பாரம் மிகுதி. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நீலப்புகையோடு ஆயிலும் அடிக்கடி குறைந்து, பிரீதர் வழியே புகை வந்து, இழுவையும் குறைந்தால் ரிங், லைனர் தேய்ந்திருக்கக் கூடும். கரும்புகையை மட்டும் கண்டு இன்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் ஏர் கிளீனரையும் நாசிலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால், லைனரின் தேய்மானத்தைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு மீறித் தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது வீண் செலவு. ஹெட் கேஸ்கெட்டைப் புதிதாகவே போட வேண்டும். பூட்டுமுன் தூசி எந்த வழியாக நுழைந்தது என்று கண்டு, அந்த வழியை அடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டிய இன்ஜின் மீண்டும் பட்டறைக்கே வரும். பூட்டியபின் முதல் 50 மணி நேரம் குறைந்த பாரத்தில் ஓட்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஹவர் மீட்டர் அளவையும், மாற்றிய பொருளையும், தேதியையும் குறித்து வாருங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால், உழவு நேரத்தில் டிராக்டர் பட்டறையில் நிற்காது. மழை ஈரம் காயுமுன் விதைப்பை முடிக்கலாம்.