உலகத்தைப் படிக்கப் போகும் தங்கைமாருக்கு

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு உயர்தர வகுப்பு மாணவிகளுக்காகப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதினோம். இருவரும் இங்கே கலைப்பிரிவில் படித்தவர்கள். ஒருவர் இங்கிலாந்தில் சர்வதேச உறவுகள் என்ற பெயரிலேயே இளமாணிப் பட்டம் பெற்றார். மற்றவர் இந்தியாவில் அரசறிவியல் பட்டத்தின் உள்ளே அதே துறையைக் கற்றார். புறப்படும்போது இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விதான்: "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறீர்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லுமுன், இது என்ன படிப்பு என்று சொல்லவேண்டும்.

முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919இல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் சர்வதேச அரசியலுக்கான உலகின் முதலாவது பல்கலைக்கழகத் துறை தொடங்கியது. போர் ஏன் வருகிறது, வராமல் தடுக்க வழி உண்டா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. இன்றும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் படிக்கிறோம். அரசுகளின் வரலாறு, சர்வதேசச் சட்டம், வர்த்தகமும் கடனும், ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு, ஒரு பிராந்தியத்தைப் பற்றிய ஆழ்ந்த படிப்பு, முடிந்தால் இன்னொரு மொழி என்று பாடங்கள் அமையும். கிழமைதோறும் வாசிக்க நிறைய இருக்கும். வாசித்ததைப் பத்துப் பதினைந்து பேர் சுற்றியிருக்கப் பேசி நிறுவவேண்டும்.

இதற்கும் கொக்குவிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊர்ச் சுருட்டு தென்னிலங்கைக் கடைகளில் விற்றது. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து வந்த பென்சன்காரரின் கல்வீடுகள் குடாநாடெங்கும் நின்றன. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் திரும்ப ஓடத் தொடங்கியபோது, எங்கள் ஊரால் போகும் அந்தத் தண்டவாளம் இந்தியக் கடனுதவியில் போடப்பட்டிருந்தது. உலகம் நமது ஒழுங்கைகளுக்குள் எப்போதும் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது.

சில வேளை அது வேறு விதமாகவும் வந்தது. 1987 ஜூலை 29இல் கொழும்பில் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று மாதம் ஆகுமுன், ஒக்டோபரில், பல்கலைக்கழகச் சுற்றாடலில் ஹெலிகொப்டர்கள் படையினரை இறக்கின. கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் ஷெல் விழுந்து இறந்தார்கள். அதை உங்கள் அம்மம்மாமாரிடம் கேட்டால் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். நாங்கள் சொல்ல வருவது வேறொன்று. அந்த ஒப்பந்தத்தை முதன்முறை முழுமையாக வாசித்தது வெளிநாட்டு நூலகங்களில்தான். அதனுடன் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுக்கக்கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து நடத்தவேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை மீளாய்வு செய்யவேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருக்கிறது. நமது பிரச்சினையைத் தீர்க்க எழுதப்பட்ட ஒப்பந்தம் என்று ஊரில் கேட்டு வளர்ந்தோம். அதில் துறைமுகமும் எண்ணெயும் வானொலியும் இருந்ததை யாரும் சொல்லித்தரவில்லை.

வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு பாட உதாரணம். எங்களுக்கு அது ஊர். அந்த இடத்தில் அழுவதும் கோபப்படுவதும் எளிது. "யார் கையெழுத்திட்டார்கள், யாருக்கு என்ன தேவைப்பட்டது, யாரைக் கேட்கவில்லை?" என்று மூன்று கேள்வி கேட்கப் பழகுவதுதான் கஷ்டம். இந்தப் படிப்பு எங்களுக்குத் தந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

அது ஏன் நமக்கு முக்கியம்? 2021 மார்ச்சில் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 22 நாடுகள், எதிராக 11, வாக்களிக்காமல் 14. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இலங்கை பற்றிய தீர்மானத்தை ஆதரித்த இந்தியா இம்முறை வாக்களிக்கவில்லை. ஊரில் இதைத் துரோகம் என்று சிலரும் ராஜதந்திரம் என்று சிலரும் சொன்னார்கள். தீர்மானத்தின் வாசகத்தை எத்தனை பேர் வாசித்தோம்? நம்மைப் பற்றிய ஆவணங்களை வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவாக இருந்தால், மற்றவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டுதான் இருக்கவேண்டும். காணாமற்போன தம் பிள்ளைகளின் படங்களோடு தெருவில் இருக்கும் தாய்மாரின் வார்த்தை ஜெனீவா போய்ச் சேரும்போது உருமாறாமல் சேரவேண்டும். அதற்கு இரு பக்க மொழியும் தெரிந்த பெண்கள் வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. பிரித்தானிய இராஜதந்திர சேவை 1946இல்தான் பெண்களை ஏற்றது. இலங்கை வெளிநாட்டுச் சேவையில் முதல் பெண்ணாக மானெல் அபேசேகர 1958இல் இணைந்தார். இந்தியாவில் 1949இல் சேவையில் சேர்ந்த சி.பி. முத்தம்மா, பெண் அதிகாரி மணமுடிக்க அரசின் அனுமதி வேண்டும் என்பது போன்ற விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிமன்றம் அவற்றைக் கண்டித்தது. நம் நாட்டுத் தமிழ்ப் பெண்ணான ராதிகா குமாரசுவாமி யேல் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் பெற்றார். 1994இல் பெண்களுக்கெதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதலாவது விசேட அறிக்கையாளரானார். 2006 முதல் 2012 வரை ஆயுத மோதலில் சிக்கிய சிறுவர்களுக்கான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாக இருந்தார்.

இனி வீட்டாரின் கேள்விக்கு வருவோம். இந்தப் பட்டம் கையில் வேலையோடு வராது. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சை, ஐ.நா. நிறுவனங்கள், மனிதாபிமானப் பணி, ஊடகம், சட்டம், ஆசிரியம் என்று வழிகள் உண்டு. எல்லாவற்றிலும் போட்டி உண்டு. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மேற்கு நாடுகளில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் மிக அதிகம். முதற்பட்டத்துக்கு முழுப் புலமைப்பரிசில் கிடைப்பது அரிது. காணியை ஈடுவைக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை எமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? முகவர் சொல்வதைப் பல்கலைக்கழகமே எழுத்தில் சொல்கிறதா? பகுதிநேர வேலையை நம்பித்தான் கட்டணம் கட்டப்போகிறீர்களா? இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்ய அனுமதி. அதில் சாப்பாட்டுக்கு வரும், கட்டணத்துக்கு வராது.

இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் முதற்பட்டத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்தில் உள்ள துணைத்தூதரகத்தில் விபரம் கேட்கலாம். இன்னொரு வழியும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளையோ யாழ்ப்பாணத்தில் அரசறிவியலையோ படித்து, இரண்டு வருடம் வேலை செய்து, பின் செவனிங் போன்ற முழுப் புலமைப்பரிசிலில் முதுமாணிக்குப் போகலாம். அது குறைந்த வழி அல்ல. பல குடும்பங்களுக்கு அதுவே புத்தியான வழி.

எந்த வழியானாலும் இன்றே தொடங்கக்கூடியது ஆங்கில வாசிப்பு. நாளுக்கு ஒரு செய்தியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்து, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று கொப்பியில் எழுதுங்கள். சிங்களமும் படியுங்கள்.

சங்கத்து அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதோடு, விண்ணப்பக் கடிதம் திருத்தவும், நேர்முகத்துக்குப் பழக்கவும், கட்டணக் கணக்குப் பார்க்கவும் வெளிநாட்டிலும் உள்ளூரிலும் இருக்கும் பழைய மாணவிகளின் பட்டியல் ஒன்றும் அதிபர் அலுவலகத்தில் இருக்கட்டும். எங்கள் இருவரின் பெயரையும் அதில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.