திருடன் போடும் கணக்கு

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து, "பத்து வருஷம் உள்ளே போட்டால்தான் இவர்களுக்குப் பயம் வரும்" என்று பலர் சொல்கிறீர்கள். கோபம் நியாயமானது. ஆனால் திருடன் அந்தக் கணக்கைப் போடுகிறானா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வீடு புகுந்து திருடிக்கொண்டிருந்த 105 பேரை ரைட், டெக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார்கள். 1994இல் அது புத்தகமாக வந்தது. கிளம்பும்போது பெரும்பாலோர் மனத்தில் இருந்தது பணமுடைதான். பிடிபடுவோம் என்ற நினைப்பை ஒதுக்கிவிடுவார்களாம். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் அதிகம். உள்ளே ஆள் இருக்கிறதா, நாய் இருக்கிறதா, அக்கம்பக்கத்தார் கண்ணில் படுவோமா என்று பார்ப்பார்கள்.

தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாது என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியர் பெக்காரியா 1764இலேயே எழுதினார்.

காவல்துறைக்கும் இதில் பாடம் உண்டு. மினியாபொலிஸ் நகரில், குற்றம் அதிகம் நடக்கும் இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனாலே, போன பிறகும் சிறிது நேரம் அங்கே அமைதி நீடித்தது.

வங்கியில் நான் கண்டதும் இதுதான். தேதி சொல்லி வரும் ஆய்வுக்கு அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். திடீர் ஆய்வுதான் மற்ற நாட்களையும் ஒழுங்காக வைத்தது.

நம் காவலாளியோ தினமும் ஒரே நேரத்தில் விசில் ஊதிச் சுற்றுகிறார். விசில் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது என்பது திருடனுக்கும் கேட்கும். நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்வோம்.

திருட்டுப் போன வீட்டு வாசலில் மூன்று நாள் நாளிதழ் கிடந்தது. நடைப்பயிற்சிக்குப் போன நானும் பார்த்தேன், எடுத்து வைக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. ஊருக்குப் போனால் பால், பேப்பரை நிறுத்துங்கள். பக்கத்து வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கீரைக்காரம்மாவையும் கூரியர் தம்பியையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. தெருவில் புதியவர் யாரைக் கண்டாலும், "யார் வீட்டைத் தேடறீங்க?" என்று மரியாதையாகக் கேட்போம். நல்லவருக்கு வழி தெரியும். மற்றவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்பது தெரியும்.