பேரம், பாலினம், சுபாவம்: மட்டாஞ்சேரியிலிருந்து மூணாறு வரை

விலையையோ கூலியையோ வேலை நிபந்தனையையோ இரு தரப்பார் பேசி முடிப்பது பேரம். பேசுகிறவர் ஆணா பெண்ணா, துணிந்தவரா தயங்குபவரா என்பது அதன் முடிவைப் பாதிக்கிறது. எவ்வளவு பாதிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பேரம் நடக்கும் இடத்தின் விதி. விதி மங்கலாக இருக்கும் இடத்தில் பாலினத்துக்கும் சுபாவத்துக்கும் பெரிய விலை உண்டு. விதி எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் அந்த விலை குறைந்துவிடுகிறது. கொச்சித் துறைமுகத்தின் வரலாறும், அந்தத் துறைமுகத்துக்குத் தேயிலை அனுப்பும் மூணாற்றின் வரலாறும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மட்டாஞ்சேரி பேரத்தால் வளர்ந்த ஊர். குஜராத்தியர், கொங்கணியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர் எனப் பல வணிகச் சமூகத்தார் அதன் பஜார் சாலைப் பண்டகசாலைகளில் மிளகும் சுக்கும் ஏலமும் பேசி விற்றனர். மிளகு வாயிதா வணிகத்துக்கென 1957இல் உருவான சங்கம் யூதத் தெருவில் இயங்கியது. கணினி வருவதற்கு முன் அங்கே விலையை உரக்கக் கூவியே சொன்னார்கள். அதே தெருவின் முற்றங்களில் பெண்கள் சுக்கைப் புடைத்தும் தரம் பிரித்தும் கொடுத்தனர். சுக்கின் விலையை ஊரே கேட்டது. புடைத்தவளின் கூலி மேஸ்திரிக்கும் அவளுக்கும் இடையில் தாழ்ந்த குரலில் முடிந்துபோயிற்று.

பேரத்தின் வடிவமே சிலரை வெளியே நிறுத்திவிடும். பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைத் தொட்டு விலை பேசுவது பழைய வழக்கம். பெண்கள் மாடு விற்கக் கூடாது என்று எந்தச் சந்தையிலும் பலகை எழுதி வைக்கவில்லை. அந்நிய ஆணின் துண்டுக்கு அடியில் கை நீட்ட முடியாத நிலையில், அப்படியொரு பலகைக்குத் தேவையும் இருக்கவில்லை.

சுபாவம் மட்டுமே விதியாக இருந்த வேலையிடத்துக்குச் சாப்பா முறையைவிடக் கொடிய உதாரணம் காண்பது அரிது. கொச்சித் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்க ஆள் எடுக்கும்போது, ஒப்பந்தக்காரரின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசுவான். அந்த வில்லைதான் சாப்பா. பாய்ந்து, மிதித்து, அடித்துப் பிடித்து அதை எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவனுக்குப் பட்டினி. இதில் பேரம் என்பதே கிடையாது. முரடனும் பலசாலியும் முந்தினர். நோயாளியும் முதியவரும் ஒதுங்கிப் போகிறவரும் பின்தங்கினர். சக தொழிலாளியையே எதிரியாக நிறுத்தியதால் முதலாளியிடம் கேள்வி கேட்கும் குரல் ஒன்றுசேர நெடுங்காலம் பிடித்தது. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் இதை எதிர்த்த தொழிலாளர்கள்மீது போலீசார் சுட்டனர்; அந்தப் போராட்டத்தில் சைது, சைதலவி, அந்தோணி ஆகிய மூவர் உயிரிழந்தனர். 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் வழியே, பெயர்ப் பதிவும் முறைவைத்து வேலையும் பின்னர் வந்தன. முறைப் பட்டியல் வந்தபின் சாதுவான தொழிலாளிக்கும் வேலை கிடைத்தது. அவருடைய சுபாவம் அப்படியேதான் இருந்தது.

சுபாவத்தை உளவியலார் ஐந்து கூறுகளாகப் பகுப்பர்: இணங்கிப் போகும் குணம், வெளிப்படப் பழகும் குணம், கருத்தூன்றிச் செய்யும் குணம், புதியதை நாடும் குணம், எளிதில் கலங்கும் குணம். பேரத்தில் அதிகம் பேசப்படுவது முதல் குணம். புரூஸ் பாரி, ரேமண்ட் ஃபிரீட்மன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருவரின் லாபம் மற்றவரின் நட்டமாகும் பேரத்தில் இணங்கிப் போகும் குணமும் வெளிப்படப் பழகும் குணமும் பாதகமாக அமையக்கூடும். இரு தரப்பும் சேர்ந்து வழி தேடும் பேரத்தில் அந்தப் பாதகம் தெரிவதில்லை. திமத்தி ஜட்ஜும் உடனாய்வாளர்களும் 2012இல் அமெரிக்கச் சம்பளத் தரவுகளை ஆராய்ந்தபோது, இணக்கம் குறைந்த ஆண்கள் இணக்கம் மிகுந்த ஆண்களைவிட ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தது தெரிந்தது. பெண்களிடம் அந்த இடைவெளி 5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. கறாராகப் பேசும் ஆணுக்குக் கிடைக்கும் பலன் கறாராகப் பேசும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவனை விவரமானவன் என்கிறது உலகம். அவளை வாயாடி என்கிறது.

இந்த வேறுபாட்டைப் பெண்களின் கூச்சமாகவே முதலில் விளக்கினர். லிண்டா பாப்காக், சாரா லாஷெவர் எழுதி 2003இல் வந்த நூல், பெண்கள் கேட்பதில்லை என்ற கருத்தையே தலைப்பாகக் கொண்டது. அந்த விளக்கம் அரைகுறையானது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஹன்னா ரைலி போல்ஸ், பாப்காக், லெய் லாய் ஆகியோர் 2007இல் வெளியிட்ட சோதனைகளில், கூடுதல் சம்பளம் கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலை செய்ய மதிப்பீட்டாளர்கள் விரும்பவில்லை. அதையே கேட்ட ஆணுக்கு அவ்வளவு தண்டனை இல்லை. ஆஸ்திரேலியாவில் 4,600 ஊழியர்களின் தரவைக் கொண்டு ஆர்ட்ஸ், குடால், ஆஸ்வால்ட் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த நிலையிலுள்ள பெண்கள் ஆண்களுக்கு நிகராகவே சம்பள உயர்வு கேட்டிருந்தனர். கேட்ட ஆண்களில் 20 விழுக்காட்டினர் பெற்றனர். கேட்ட பெண்களில் 15 விழுக்காட்டினர் பெற்றனர். கேட்டாலும் குறைவாகக் கிடைக்கும், கூடவே கெட்ட பெயரும் வரும் என்று அறிந்தவள் வாய் மூடியிருந்தால், அதைக் கூச்சம் என்பதைவிடக் கணக்கு என்பதே பொருந்தும்.

ஆந்திரயாஸ் லைப்பிராண்ட், ஜான் லிஸ்ட் இருவரும் வேலை விளம்பரங்களை வைத்து நடத்திய கள ஆய்வு 2015இல் வெளியானது. சம்பளம் பேசி முடிக்கத்தக்கது என்று விளம்பரம் சொல்லாதபோது ஆண்கள் அதிகமாகப் பேரம் பேசினர். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் ஆண் பெண் வேறுபாடு மறைந்தது. ஆள் தேர்வுத் துறையினர் இத்தனை பயிற்சி வகுப்புகள் நடத்திச் சாதிக்காததை ஒரு வாக்கியம் சாதித்தது.

வளர்ப்பும் வழக்கமும் எவ்வளவு செய்கின்றன என்பதற்கு மேகாலயத்துக் காசி மக்களை வைத்து நடந்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. அங்கே சொத்து தாய்வழியே, கடைக்குட்டி மகளுக்குப் போகும். கினீசி, லெனார்டு, லிஸ்ட் மூவரின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், போட்டியைத் தேர்ந்தெடுப்பதில் காசிப் பெண்கள் காசி ஆண்களை முந்தினர். கிழக்கு ஆப்பிரிக்க மசாய் மக்களிடம் நிலைமை நேர்மாறாக இருந்தது. தாய்வழிச் சமூகத்துப் பெண்கள் சந்தைப் பேரத்திலும் ஆண்களைவிடக் கூடுதலாக ஈட்டியதைப் பின்னொரு ஆய்வு பதிவு செய்தது. இதைப் படிக்கும் மலையாளிக்கு ஒரு கேள்வி எழும். மருமக்கத்தாயம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வரும்வரை கேரளத்தில் பல சமூகங்களில் தாய்வழி மரபு இருந்தும், பேரத்தில் பெண்கள் முன்னே நின்றார்களா? பெரும்பாலும் இல்லை. காசிப் பெண் கடையில் உட்கார்ந்து தானே விற்றாள். தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தில் கணக்குப் பார்த்ததும் பேரம் பேசியதும் காரணவர் என்ற ஆண். சொத்து யார் வழியே இறங்குகிறது என்பதும், விலை யார் வாயால் பேசப்படுகிறது என்பதும் வேறுவேறு.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் 2015 செப்டம்பரில் நடந்தது இவை அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. அங்கே கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள், தலித்துகள் மிகுதி. அவர்கள் பறிக்கும் தேயிலைக்கான ஏலம், மட்டாஞ்சேரிக் கரைக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவில் 1947 முதல் நடந்துவருகிறது. அங்கே ஒவ்வொரு தரத்துக்கும் விலை பகிரங்கம். பறித்தவளின் தினக்கூலி 232 ரூபாயாக இருந்தது. அதைப் பேசி முடித்தது அரசும் தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கத் தலைவர்களும் கூடும் தோட்டத் தொழிலாளர் குழு. சிஐடியு, ஏஐடியுசி, ஐஎன்டியுசி என எந்தச் சங்கமானாலும் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் அல்லர்.

முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனசைத் தோட்டங்களை நடத்தும் கண்ணன் தேவன் நிறுவனம் 10 விழுக்காடாகக் குறைத்தபோது, பெண்கள் சங்கங்களைக் கேட்காமலேயே வேலையை நிறுத்தி இறங்கி வந்தனர். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தனர். ஆண் தொழிலாளர்களைத் தள்ளியிருக்கச் சொன்னார்கள். பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டனர். லிசி சன்னி, கோமதி, இந்திராணி மணிகண்டன் ஆகியோர் அதன் முகங்களாயினர். ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சில், போனசும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பல்லாண்டுகளாக அடக்கமானவர்கள் என்று பெயர் வாங்கிய பெண்கள் இவர்கள். அவர்களின் சுபாவம் ஒரே வாரத்தில் மாறிவிட்டதாகக் கொள்ள இடமில்லை. எமிலி அமனதுல்லாவும் மைக்கேல் மோரிசும் 2010இல் எழுதிய ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது: தனக்காகக் கேட்கும்போது பின்வாங்கும் பெண், பிறருக்காகக் கேட்கும்போது ஆணுக்குச் சமமாக நின்று பேசுகிறாள். 'பேராசைக்காரி' என்ற பழி அங்கே ஒட்டுவதில்லை. மூணாற்றில் ஒருத்தியும் தனக்கென்று கேட்கவில்லை. லயத்து வீட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சேர்த்துக் கேட்டாள். ஆயிரம் பேர் ஒன்றாய் உட்கார்ந்திருக்கும்போது, சூப்பர்வைசர் யாரைக் குறித்துவைத்துப் பழிவாங்குவார்?

போனசில் வென்றவர்கள் கூலியில் அந்த அளவுக்கு வெல்லவில்லை. 500 ரூபாய் கேட்டனர். அக்டோபரில் 301 ரூபாய் என முடிவானது. கூடவே பறிக்க வேண்டிய குறைந்தபட்ச எடையும் உயர்த்தப்பட்டது. கூலி கூடும்போது வேலைப் பளுவும் கூடினால், பேரத்தின் லாபத்தில் ஒரு பங்கை முதுகும் தோளும் திருப்பிச் செலுத்துகின்றன. அந்த நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் கோமதி தேவிகுளம் ஒன்றியப் பஞ்சாயத்துக்குத் தேர்வானார். இயக்கம் பிறகு பிளவுபட்டது.

வேலையிட நலம் என்பது சம்பளத்தோடு முடிவதில்லை. ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பளு அதிகமாகவும் தன் வேலைமீது தனக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன அழுத்தம் உச்சமடைகிறது. உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு உடலையே கெடுக்கும் என்பதை யோகன்னஸ் சீக்ரிஸ்ட் 1996இல் விளக்கினார். எளிதில் கலங்கும் குணமுடையவர் இவ்விடங்களில் முதலில் உடைகிறார். அதைப் பார்த்து அவர் பலவீனர் என்று முடிவு கட்டுவது மேலாளர்களுக்கு வசதியான முடிவு.

கேட்பவருக்குப் பட்டம் சூட்டுவது எளிய தண்டனை. கொச்சியை மையமாகக் கொண்ட மலையாளத் திரைத்துறையில் 2017இல் பெண் கலைஞர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தனர். அவர்களின் வற்புறுத்தலால் அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை தந்தது. அது 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் தொல்லையோடு, படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாததையும் அது எழுதியது. குறை சொன்னவர் 'பிரச்சினைக்காரி' ஆனார், வாய்ப்பும் நின்றது.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கதை சற்று நன்றாக முடிந்தது. துணிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்றே விற்றார்கள். கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். தையல்காரரான விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அவர்களைச் சேர்த்தது. தனித்தனியாகக் கடைக்காரரிடம் நாற்காலி கேட்டிருந்தால் ஒவ்வொருத்தியும் சோம்பேறி என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பாள். 2018இல் கேரளம் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றியது. இரு மாநிலங்களிலும் இன்று நாற்காலிக்கு யாரும் பேரம் பேச வேண்டியதில்லை; போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை ஆய்வாளரின் வேலை.